பக்கத்து லாரியின் கண்ணாடியை உடைத்துவிட்டேன், வேலை போய்விடுமா?

வாசகர் கடிதம்:

"எனக்கு 24 வயது. கனரக வாகன உரிமம் எடுத்து, ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் டிரெய்லர் ஓட்டச் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. போன வாரம் ஒரு மாலை, மழை தூறிக்கொண்டிருந்தது. கிடங்கில் லோடு இறக்க வண்டியைப் பின்னால் எடுத்தேன். இன்னொரு லாரிக்காரர் தன் முறைக்காகக் காத்திருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கிடங்கு ஆள் ஒருவர் 'வரலாம், வரலாம்' என்று கை காட்டினார். பாதியில் அவரை யாரோ கூப்பிட, உள்ளே போய்விட்டார். நான் என் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே வந்தேன். டிரெய்லரின் மறுபக்கப் பின்மூலை, அங்கே நின்றிருந்த லாரியின் பக்கக் கண்ணாடியை உடைத்து, கதவிலும் ஒரு பள்ளம் போட்டுவிட்டது. அந்த லாரியில் ஆள் இல்லை, யாருக்கும் அடியும் இல்லை.

இறங்கிப் பார்த்தேன், கிடங்கு மேலாளரிடம் சொன்னேன், பத்து நிமிடத்துக்குள் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். 'ரிப்போர்ட் எழுதிக் கொடு, பார்க்கலாம்' என்றார். நாலு வரி எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வழக்கம்போல டிரிப் கொடுத்தார்கள். ஆனால் நடந்ததைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட ஓட்டுகிறவர்கள் 'புது ஆள்தானே, தூக்கிவிடுவார்கள்' என்கிறார்கள். ஒருவர், 'யாரும் பார்க்காதபோது எதற்குச் சொன்னாய்?' என்று கேட்டார். உரிமம் எடுக்க வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது. இரவில் தூக்கம் வருவதில்லை. ரிவர்ஸ் கியர் போட்டாலே கை நடுங்குகிறது. அவர்கள் அனுப்புவதற்கு முன் நானே ராஜினாமா செய்துவிடலாமா? நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?"

பதில்:

தம்பி, ராஜினாமா செய்யாதீர்கள். மற்றதெல்லாம் மெதுவாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் உங்களைக் குற்றவாளி என்று சொல்லாதபோது நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அடுத்த இடத்தில் வேலை கேட்டுப் போனால் "ஏன் எட்டு வாரத்தில் விட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்போதும் இந்தக் கண்ணாடிக் கதையைச் சொல்லியாக வேண்டும். விசாரணை முடிந்து, எச்சரிக்கையோடு வேலையில் தொடர்ந்த ஒருவர் சொல்வதற்கும், முடிவு வருவதற்குள் கிளம்பிவிட்ட ஒருவர் சொல்வதற்கும் எடை வேறு.

நான் 19 வருடம் லாரி ஓட்டினேன். பிறகு 11 வருடமாகப் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். விபத்து ரிப்போர்ட் வந்தால் அதைப் படித்து முடிவு சொல்லும் குழுவிலும் இருக்கிறேன். உங்கள் விஷயத்தில் முடிவெடுக்கப்போவது உங்கள் நிறுவனம்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறைக்குள் என்ன பேசுவார்கள் என்பது எனக்குப் பழக்கம். அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பயத்தில் பாதி குறையும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் புரியும்.

புது ஓட்டுநர்கள் எல்லாரும், உடைந்த பொருளின் விலையைப் பற்றித்தான் அங்கே பேச்சு நடக்கும் என்று நினைக்கிறார்கள். ஒரு கண்ணாடியும் கதவுத் தகடும் ஒரு லாரி நிறுவனத்துக்குப் பெரிய செலவு கிடையாது. இன்சூரன்ஸில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று இருக்கும். இப்படிப்பட்ட சேதம் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். நாங்கள் முதலில் பார்ப்பது, யாருக்காவது அடிபட்டதா என்பது. அடுத்து, ஓட்டுநர் நின்றாரா, போய்விட்டாரா? எத்தனை நிமிடத்தில் சொன்னார்? கையில் போன் இருந்ததா, குடித்திருந்தாரா, அன்று எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார்? கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்க முடியுமா? கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சும், முடிவு அதில்தான் நிற்கும்: இந்த ஆளுக்கு இது மறுபடியும் நடக்குமா?

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதல் சில கேள்விகளில் நீங்கள் நன்றாகவே தேறிவிட்டீர்கள். "தவிர்த்திருக்க முடியுமா?" என்றால், முடியும். அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. நின்றிருந்த வண்டியில் நாம் போய் இடித்தால், எந்த நிறுவனத்திலும் அதைத் தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்றுதான் எழுதுவார்கள். அப்படி எழுதினாலே வேலை போய்விடும் என்று அர்த்தமில்லை. கடைசிக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் போகவில்லை. நீங்கள் கொடுத்த நாலு வரியில் அது இருக்காது என்று நினைக்கிறேன். அதை எழுதித் தருவதுதான் இந்த வாரம் உங்கள் வேலை.

இன்னொரு விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாளே உங்களிடம் வண்டிச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். ஓர் ஓட்டுநரை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்த நிறுவனம், அவரை நம்பி அத்தனை லோடையும் வண்டியையும் மறுபடி சாலையில் விடத் தயங்கும். பெரும்பாலும் யார்டில் உட்கார வைப்பார்கள், இல்லை வீட்டில் இருக்கச் சொல்வார்கள். அவர்கள் பேசாமல் இருப்பதற்குச் சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு. அந்தக் கிடங்கிலிருந்து கேமரா பதிவு வர வேண்டியிருக்கும், மறு லாரியின் உரிமையாளர் பில் அனுப்ப வேண்டியிருக்கும், சூப்பர்வைசருக்கு அதைவிட அவசரமான பத்து வேலை இருக்கும். உங்கள் வாழ்க்கையையே உலுக்கிய விஷயம் அவர் மேஜையில் ஏழாவது காகிதமாகக் கிடக்கலாம்.

சரி, "யாரும் பார்க்காதபோது எதற்குச் சொன்னாய்?" என்று கேட்டாரே, அவருக்கு வருகிறேன். அவர் பேச்சை நீங்கள் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

ஓட்ட ஆரம்பித்த மூன்றாம் மாதம். ஒரு கிடங்கு வாசலில் மேலே தாழ்வாக ஒரு தகரக் கூரை நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே வரும்போது என் லோடின் மேல் மூலை அதில் உரசி, தகரம் வளைந்துவிட்டது. சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன், ஆள் இல்லை. நிறுத்தாமல் போய்விட்டேன். மூன்று நாள் கழித்து ஆபீஸில் கூப்பிட்டார்கள். வாசலில் இருந்த காவலாளி வண்டி எண்ணை எழுதி வைத்திருந்தார். தகரத்தைச் சரிசெய்ய ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஆனால் அந்த மேலாளர் தகரத்தைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. "இதை மறைத்தவன் இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறைத்த வேறு எதுவும் உண்மையில் இல்லை, ஆனால் அதை அவர் ஏன் நம்ப வேண்டும்? ஒரு மாதம் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்து, பிறகு சேர்த்துக்கொண்டார்கள். என் பேச்சை அவர்கள் மறுபடி நம்ப இரண்டு வருடம் ஆனது. டயர் தேய்ந்திருக்கிறது என்று நான் சொன்னால்கூட இன்னொருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள்.

நின்று சொல்வது என்பது நம் தொழிலில் யாரோ சேர்த்துவிட்ட நல்ல பழக்கம் மட்டுமில்லை. 1968-ல் வியன்னாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே, விபத்தில் சம்பந்தப்பட்டவர் புதிதாக வேறு ஆபத்து உண்டாக்காமல் கூடிய சீக்கிரம் நிற்க வேண்டும், சம்பந்தப்பட்ட மற்றவர்கள் கேட்டால் தான் யார் என்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. நிற்காமல் போவது பல நாடுகளில் தனிக் குற்றம். இடித்ததைவிட அதற்குத் தண்டனை அதிகமாகவும் இருக்கலாம். நீங்கள் நின்றீர்கள், சொன்னீர்கள், பத்து நிமிடத்தில் போன் செய்தீர்கள். நான் மூன்றாம் மாதத்தில் செய்யத் தவறியதை நீங்கள் ஏழாம் வாரத்திலேயே செய்திருக்கிறீர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ரிப்போர்ட் படிக்கிற மேஜையில் இருந்து சொல்கிறேன்.

இப்போது அந்த மாலைக்குத் திரும்புவோம். என்ன நடந்தது என்று உங்களுக்கே முழுதாகப் புரிந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம். "கவனக்குறைவு" என்று எழுதியிருப்பீர்கள், எல்லாரும் அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. நாளை இன்னும் கவனமாக இருப்பேன் என்று சொல்லலாம். எதில் கவனம்?

டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது வண்டி நடுவில் மடிகிறது. பின்பகுதி உங்கள் பக்கம் திரும்பியிருந்தால், உங்கள் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் நீளம் முழுதும், பின் சக்கரமும் பின்மூலையும் நன்றாகத் தெரியும். அதே நேரம் மறுபக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச்சுவரே தெரியாது, வெறும் தரையும் எதிர்ச்சுவரும்தான் தெரியும். அந்தப் பக்கத்துப் பின்மூலை எந்தக் கண்ணாடியிலும் இருக்காது. அது என்னவோ உங்கள் திறமைக் குறைவு இல்லை. 30 வருடம் ஓட்டியவர் அந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் அவருக்கும் தெரியாது. கண் எங்கே நன்றாகத் தெரிகிறதோ அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். புதிதாக ஓட்டுகிறவருக்கு இது இன்னும் அதிகம், ஏனென்றால் தெரிகிற பக்கம் நேராக வந்தால் வண்டியே நேராக வருகிறது என்று மனம் நம்பிவிடுகிறது. போதாததற்கு, வளைந்த கண்ணாடி எல்லாவற்றையும் இருப்பதைவிடத் தள்ளிக் காட்டும். அதன் மேல் மழைத்துளி வேறு.

அடுத்தது வேகம். ரிவர்ஸில் மெதுவாகத்தான் வந்தேன் என்பீர்கள். ஆள் நடக்கிற வேகம், மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் நகர்வீர்கள். ஒரு கண்ணாடியிலிருந்து இன்னொன்றுக்குப் பார்வையைத் திருப்பி, பார்த்ததைப் புரிந்துகொண்டு, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக இரண்டு நொடியாவது வேண்டும். அதற்குள் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் போயிருக்கும். ஒரு லாரியின் கண்ணாடி உடைவதற்கு அரை மீட்டர் போதும். அதனால்தான் பயிற்சியில் நான் "மெதுவாக வா" என்று சொல்வதை விட்டுவிட்டேன். "நின்று நின்று வா" என்கிறேன். இரண்டு மீட்டர் வாருங்கள், நில்லுங்கள், இரண்டு கண்ணாடியும் பாருங்கள், மறுபடி வாருங்கள்.

மூன்றாவது அந்தக் கை காட்டின ஆள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான். அவர் உள்ளே போனது தப்பு, வாஸ்தவம். ஆனால் வழிகாட்டுகிறவர் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். இது நம் தொழிலில் பேரம் பேச முடியாத விதி. அவர் மறைந்தால் இரண்டில் ஒன்று: ஒன்று அவர் போய்விட்டார், இல்லையென்றால் உங்கள் டிரெய்லருக்குப் பின்னால் நிற்கிறார். எது என்று உங்கள் இருக்கையில் இருந்து தெரியாது. அன்று உங்களுக்கு முதலாவது அமைந்தது. தம்பி, என் 11 வருட விசாரணையில் இரண்டாவது அமைந்ததையும் படித்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டில் பொருள் சேதம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் நான் சொல்லவில்லை, உங்களுக்குப் புரியும். உடைந்த அந்தக் கண்ணாடியை வைத்து நீங்கள் வாழ்நாள் முழுதும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

சின்ன விபத்தை நிறுவனங்கள் ஏன் இத்தனை தீவிரமாக எடுத்துக்கொள்கின்றன என்று கேட்டால், காரணம் இதுதான். 1931-ல் ஹைன்ரிக் என்ற அமெரிக்க இன்சூரன்ஸ் அதிகாரி, ஒரு பெரிய காயத்துக்கு 29 சின்னக் காயங்களும், காயமே இல்லாத 300 சம்பவங்களும் பின்னணியில் இருக்கின்றன என்று கணக்கு சொன்னார். அந்த எண்களை எல்லாத் தொழிலுக்கும் பொருத்த முடியாது என்று பிற்காலத்தில் பலர் மறுத்துவிட்டார்கள், அது நியாயமும்கூட. ஆனால் காயமில்லாமல் தப்பிய சம்பவத்துக்கும் ஆள் போன சம்பவத்துக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே என்பதை யார்டில் நிற்கிற எவரும் அறிவார்கள். ஆகவே உங்கள் சூப்பர்வைசர் உங்களைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினால், கண்ணாடிக்காகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் வைத்து இன்னொரு ரிப்போர்ட் எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் கொடுங்கள். முதல் பாதியில் நடந்ததை மணிக்கணக்கோடு: எத்தனை மணிக்கு வந்தீர்கள், வெளிச்சம் எப்படி, மழை எப்படி, எந்தப் பக்கம் திரும்பினீர்கள், கை காட்டினவர் எப்போது மறைந்தார், எங்கே இடித்தது, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள். எடுத்த புகைப்படங்களையும் இணையுங்கள். ஹாரன் அடித்தவரையும் கிடங்கு ஆளையும் குறிப்பிடலாம், ஆனால் பழி போடும் தொனி வேண்டாம். "அவர் போனதால் இடித்தேன்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு, இன்னொருவர் போனால் இன்னொரு முறை இடிப்பார் என்றுதான் தோன்றும். "அவர் மறைந்த பிறகும் நான் நிறுத்தவில்லை" என்று எழுதுங்கள். ஒரே சம்பவம்தான், ஆனால் இரண்டாவது வாக்கியத்தை எழுதின ஆளை நான் வேலையில் வைத்துக்கொள்வேன்.

இரண்டாம் பாதியில், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. அளக்கக்கூடிய மாதிரி இருக்கட்டும். பின்னால் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் இறங்கி, வண்டி போய் நிற்க வேண்டிய இடத்தையும் இரண்டு பக்கத்தையும் மேலேயும் நடந்து பார்ப்பேன். முடிந்தவரை என் பக்கம் திரும்புகிற மாதிரியே வண்டியை நிறுத்தி ஆரம்பிப்பேன். கண்ணாடியில் தெரியாத மூலை இருந்தால் பாதியில் நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன். வழிகாட்டுபவர் மறைந்தால் நிற்பேன். ரேடியோவை அணைத்து, ஜன்னலை இறக்கி வைப்பேன். கடைசியாக, பயிற்சியாளரோடு ஒரு மணி நேரம் ரிவர்ஸ் பயிற்சி வேண்டும் என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். நான் இருந்த குழுவில், தானாகப் பயிற்சி கேட்ட ஒருவரை நாங்கள் அனுப்பியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

யாரை அனுப்பினோம் என்றும் சொல்கிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. மறைத்தவர்களை. போன் பார்த்தபடி ஓட்டியவர்களை. குடித்தவர்களை. வண்டிக் கருவி வேறு சொல்ல, வாயால் வேறு சொன்னவர்களை. இப்போது பெரும்பாலான லாரிகளில் வேகம், இடம், திடீர்ப் பிரேக் எல்லாம் பதிவாகிவிடுகிறது. அப்புறம், அதே தவறை மூன்றாவது முறை செய்தவர்களை. ஒருமுறை பின்னால் எடுக்கும்போது இடித்த புது ஓட்டுநர்கள் என்று ஒரு வரிசை எழுதினால், எங்கள் நிறுவனத்தில் இன்று நன்றாக ஓட்டுகிற பல பேர் அதில் வருவார்கள்.

ஹாரன் அடித்தவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கட்டும். இறங்கிப் பார்க்க உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகும், அந்த நிமிடம் உங்களுடையது. வெட்கப்பட்டு அவசரப்படுவதுதான் புது ஓட்டுநரின் மிகப் பெரிய ஆபத்து. தெரியவில்லை என்பதைவிட, தெரியவில்லை என்று மற்றவர்கள் நினைப்பார்களோ என்ற பயமே நிறைய வண்டிகளை இடிக்க வைக்கிறது. பத்து வருடம் ஓட்டிய பிறகும் நான் இறங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரே இடத்தில் மூன்று முறை இறங்கிய நாளும் உண்டு.

தகுதிகாண் காலத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு குறைவுதான். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் வருட 158-ஆம் எண் உடன்படிக்கை, சரியான காரணம் இல்லாமல் ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, நடத்தையோ வேலைத்திறனோ காரணம் என்றால் அவர் பக்க நியாயத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அதே உடன்படிக்கை, நியாயமான அளவுள்ள தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கு விலக்குக் கொடுக்கவும் நாடுகளை அனுமதிக்கிறது. எல்லா நாடுகளும் அதில் கையெழுத்திட்டதும் இல்லை. ஆகவே உங்கள் நியமனக் கடிதத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, விபத்து நடந்தால் என்ன நடைமுறை என்று அதில் எழுதியிருக்கும். தொழிற்சங்கம் இருந்தால் அங்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சேதத்துக்கான தொகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்று ஒரு காகிதத்தை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். "படித்துவிட்டு நாளை தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதே சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் வருட 95-ஆம் எண் உடன்படிக்கைப்படி, சம்பளப் பிடித்தம் என்பது அந்தந்த நாட்டுச் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ அனுமதித்த அளவுக்குத்தான் இருக்கலாம். அங்கே உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று சங்கத்திலோ தொழிலாளர் அலுவலகத்திலோ கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்படியே அனுப்பிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வேலை பார்த்த நாட்களுக்குச் சான்றிதழ் வாங்குங்கள், உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுகளின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நேர்காணலில் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள், மூன்று வாக்கியத்தில்: இது நடந்தது, இது என் தவறு, இப்போது இப்படி ஓட்டுகிறேன். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். நேர்காணல் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இடித்ததே இல்லை என்று சொல்கிற புது ஓட்டுநரைவிட இப்படிச் சொல்கிறவரிடம் நான் அதிக நேரம் பேசுவேன். முதல் ஒரு வருடம் டிரெய்லர் இல்லாத, நடுவில் மடியாத லாரி கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஓட்டிச் சேர்க்கிற அனுபவமும் அனுபவம்தான்.

தூக்கம் வரவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு உங்கள் வேலையைவிட இதுதான் அதிகக் கவலை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். குடித்துவிட்டு நீங்கள் சாவியைத் தொட மாட்டீர்கள். அப்படியென்றால் தூங்காத இரவுக்கு அடுத்த காலையிலும் தொடாதீர்கள். "நேற்றுத் தூங்கவில்லை, இன்று நீண்ட டிரிப் வேண்டாம்" என்று சூப்பர்வைசரிடம் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லுங்கள். தூக்கக் கலக்கத்தில் இன்னொரு முறை இடித்துவிட்டு நிற்பதைவிட அது எவ்வளவோ எளிது. இரண்டு வாரத்துக்கு மேலும் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கை நடுக்கத்துக்கு வழி இருக்கிறது. உடம்பு அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்திருக்கிறது, அதனால் ரிவர்ஸ் கியரைத் தொட்டதும் எச்சரிக்கிறது. அதை ஏசிப் பயனில்லை, புது ஞாபகங்களைக் கொடுக்க வேண்டும். காலி யார்டில், வேறு வண்டி இல்லாத நேரத்தில், பழைய டயர்களை இரண்டு பக்கமும் வைத்து அவற்றுக்கு நடுவே எடுத்துப் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கமே டிரெய்லரின் பின்பகுதி போகும், குழப்பம் குறையும். முதல் நாள் ஐந்து முறை போதும். கோணலாகப் போனால் சரிக்கட்டப் பார்க்காமல் முன்னால் எடுத்து, நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். முன்னால் எடுப்பதில் அவமானம் இல்லை. இருபது முப்பது முறை சுத்தமாக நிறுத்திய பிறகு கை தானாக அடங்கும், நான் பயிற்சி கொடுத்தவர்களில் பலருக்கு அப்படித்தான் அடங்கியது.

லாயக்கா இல்லையா என்று கேட்டீர்கள். ஏழு வாரத்தில் அதை யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருடம் ஓட்டிவிட்டு இதே கேள்வியைக் கேளுங்கள், பதில் எழுதுகிறேன். இப்போதைக்கு எனக்குத் தெரிவது, யாரும் பார்க்காத இடத்தில் நீங்கள் வண்டியை நிறுத்தி இறங்கினீர்கள் என்பதுதான். டிரெய்லர் நிறுத்த நான் கற்றுத்தர முடியும். இதைக் கற்றுத்தர இதுவரை எனக்கு வழி தெரியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் எழுதிய கடிதத்தில் நீங்கள் இடித்த அந்த லாரியின் ஓட்டுநரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, வண்டியில் ஆள் இல்லை என்பதைத் தவிர. பயத்தில் இருக்கும்போது நம்மைத் தவிர வேறு யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் வந்து பார்க்கும்போது கண்ணாடி உடைந்து கிடந்திருக்கிறது. கண்ணாடி இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது, அன்றைய டிரிப்பே போயிருக்கலாம். டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குகிறவராக இருந்தால் அது அவர் வீட்டுச் சாப்பாடு. பணம், பொறுப்பு பற்றியெல்லாம் நீங்கள் எதுவும் வாக்குக் கொடுக்க வேண்டாம், அதை இரண்டு ஆபீஸும் இன்சூரன்ஸும் பார்த்துக்கொள்ளும். உங்கள் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அவரைப் போய்ப் பாருங்கள். "நான்தான் அண்ணே இடிச்சேன், உங்க வண்டி எத்தனை மணி நேரம் நின்னுச்சு?" என்று கேளுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அதே கிடங்கில் இன்னும் நூறு முறை நீங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வண்டி நிறுத்த வேண்டியிருக்கும்.